யார்க் நகரத்துக்கு ரயிலைக் கொண்டுவந்த 'ரயில்வே ராஜா' அதே ஊர் சிறையில் அடைக்கப்பட்டது ஏன்?

1865-ம் ஆண்டு ஜூலை மாதம். இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கும் விட்பி என்ற துறைமுக ஊரில் தேர்தல் பரபரப்பு. கன்சர்வேடிவ் கட்சி வேட்பாளருக்கு வயது 65. வாக்குப்பதிவுக்கு ஒருசில நாளே இருக்கும்போது அவரைக் கைது செய்து யார்க் கோட்டைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதுதான் அவர்மேல் இருந்த புகார்.

கடனுக்காகச் சிறை போவது அந்தக் கால இங்கிலாந்தில் அதிசயமான விஷயம் இல்லை. ஆனால் இவர் யார் என்று தெரிந்தால்தான் விஷயம் புரியும். விட்பியிலிருந்து யார்க்குக்கு நீராவி ரயில் ஓட வழி செய்தது இவருடைய கம்பெனி. யார்க்கை லண்டனோடு ரயிலில் இணைத்தவரும் இவர்தான். அந்த ஊருக்கு மூன்று முறை மேயராக இருந்தவர். நாடே 'ரயில்வே ராஜா' என்று கூப்பிட்ட ஜார்ஜ் ஹட்சன்.

யார்க் இன்று இங்கிலாந்தின் முக்கியமான ரயில் சந்திப்புகளில் ஒன்று. ரோமானியர் காலத்துக் கோட்டையில் தொடங்கி, நடுக்காலத்து மதில் சுவர், பிரம்மாண்டமான மின்ஸ்டர் பேராலயம் என்று வரலாறு அடுக்கடுக்காக இருக்கும் ஊர். லண்டனிலிருந்து சுமார் 188 மைல். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரயில்கள் இருக்கின்றன. ஆனால் இந்த ஊர் ரயில் வரைபடத்தில் இடம்பிடித்தது தானாக நடந்த காரியம் இல்லை.

ரயிலுக்கு முன்னால் யார்க் எப்படி இருந்தது?

1706-ல் லண்டனுக்கும் யார்க்குக்கும் இடையே குதிரை வண்டி ஓட்டியவர்கள், நான்கு நாளில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக விளம்பரம் செய்தார்கள். அதுவும் கடவுள் அனுமதித்தால்! 1830-கள் வரும்போது சாலையும் வண்டியும் நன்றாகத் தேறி, பயணம் ஒரு நாளுக்குள் வந்துவிட்டது. ஆனாலும் டிக்கெட் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

உண்மையில் யார்க்கின் பெரிய கவலை பயணிகள் அல்ல, நிலக்கரி. பக்கத்தில் லீட்ஸ், பிராட்ஃபோர்டு மாதிரி ஊர்களில் ஆலைகள் புகை கக்கிக்கொண்டு வளர்ந்தன. அங்கே நிலக்கரி காலடியில் கிடைத்தது. யார்க்குக்கு அது ஆற்றில் படகேறி வர வேண்டும், விலை அதிகம். ஆலை வராது, வேலை வராது. பிரபுக்களும் பாதிரியார்களும் வந்துபோகும் பழைய ஊர் என்ற பெயர் மட்டும் மிச்சம். அதனால்தான் 1833-ல் ஊர் வியாபாரிகள் சிலர் கூடி, நிலக்கரிப் பகுதிக்கு ஒரு ரயில் பாதை போட்டால் என்ன என்று பேசினார்கள். அதற்காக அமைத்த குழுவில் அதிகப் பங்கு வாங்க முன்வந்தவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர்.

ஜவுளிக்கடைப் பையன்

ஹட்சன் பிறந்தது 1800 மார்ச் 10 அன்று, யார்க்கிலிருந்து சில மைல் தள்ளியிருக்கும் ஹவ்ஷாம் கிராமத்தில். விவசாயக் குடும்பம். பத்து வயதுக்குள் அம்மா, அப்பா இருவரையும் இழந்துவிட்டார். பெரிய படிப்பு கிடையாது. பதினைந்து வயதில் யார்க்கில் மின்ஸ்டர் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். பேச்சு சாமர்த்தியம் உண்டு, கணக்கும் வரும். 1821-ல் கடை முதலாளி குடும்பத்துப் பெண் எலிசபெத் நிக்கல்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். கடையில் பங்காளியும் ஆனார்.

வாழ்க்கை திசைமாறியது 1827-ல். மேத்யூ பாட்ரில் என்ற உறவுக்காரத் தாத்தா இறந்துபோகும்போது தன் சொத்தில் 30,000 பவுண்டை ஹட்சனுக்கு எழுதிவைத்தார். அன்றைக்கு அது மலைக்கவைக்கும் தொகை. கிழவருடைய கடைசி நாள்களில் ஹட்சன் படுக்கையை விட்டு நகரவில்லை, அதில்தான் உயில் மாறியது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எது எப்படியோ, 27 வயதில் கடைக்காரர் பணக்காரர் ஆகிவிட்டார்.

அடுத்து அரசியல். டோரி கட்சிக்கு யார்க்கில் பணம் செலவழிக்கும் ஆளாக மாறினார். 1835 தேர்தலில் வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்த விவகாரம் நாடாளுமன்ற விசாரணை வரை போனது. நவம்பர் 1837-ல் லார்டு மேயர் பதவி. மறு வருடமும் அவரே.

இதற்கு நடுவே 1834-ல் விட்பியில் ஒரு சந்திப்பு நடந்தது. ரயில் உலகத்தின் பிதாமகர் ஜார்ஜ் ஸ்டீபன்சனை ஹட்சன் அங்கே பார்த்தார். லண்டனையும் நியூகாசிலையும் இணைக்கும் நீண்ட பாதை ஒன்று ஸ்டீபன்சனின் மனதில் இருந்தது. அது லீட்ஸ் பக்கமாகப் போய்விட்டால் யார்க் அம்போ! பாதையை யார்க் வழியாகத் திருப்ப வேண்டும் என்று ஹட்சன் பிடித்த பிடி கடைசிவரை விடவில்லை. இந்த ஒரு பிடிவாதம்தான் யார்க்கின் தலையெழுத்தை மாற்றியது என்று சொன்னால் மிகையாகாது.

மதிலை உடைத்துக்கொண்டு வந்த ரயில்

யார்க் அண்டு நார்த் மிட்லண்ட் ரயில்வே கம்பெனிக்கு 1836-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதி கொடுத்தது. தலைவர் ஹட்சன், பொறியாளர் ஸ்டீபன்சன். 1839 மே 29 அன்று முதல் பகுதி திறந்தது. பேராலய மணிகள் முழங்க, பெரிய மனிதர்கள் விருந்து சாப்பிட்டுவிட்டு ரயிலேறினார்கள். அன்று ஓடிய தூரம் பதினைந்து மைல்கூட இல்லை. ஆனால் அடுத்த வருடமே, 1840 கோடையில், நார்மன்டன், டெர்பி வழியாக யார்க்கும் லண்டனும் ரயிலில் இணைந்துவிட்டன.

ரயில் நிலையத்தை எங்கே வைப்பது? மதிலுக்கு வெளியே தற்காலிகமாக ஒரு நிறுத்தம் இருந்தது. நிரந்தர நிலையம் ஊருக்குள் வர வேண்டும் என்பது கம்பெனியின் விருப்பம். அப்போது மேயர் யார்? ஹட்சன். கம்பெனித் தலைவர் யார்? அவரேதான்! மதில் சுவரைக் குடைந்து வளைவு கட்டி, தண்டவாளத்தை உள்ளே கொண்டுவந்தார்கள். 1841 ஜனவரியில் ஜி.டி. ஆண்ட்ரூஸ் வடிவமைத்த நிலையம் திறந்தது. அந்த வளைவுகளை இன்றும் மதிலில் பார்க்கலாம்.

ஒரு சிக்கலும் அதோடு வந்தது. மதிலுக்குள் இருந்தது முட்டுச்சந்து நிலையம். உள்ளே வந்த ரயில் அப்படியே முன்னோக்கிப் போக முடியாது. பின்பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும். வடக்கே போகும் ரயில்கள் அதிகமாக ஆக, இது தலைவலியாகிவிட்டது. மதிலுக்கு வெளியே, வளைந்த இரும்புக் கூரையோடு இப்போது இருக்கும் நிலையம் 1877-ல் திறந்ததற்கு இதுதான் காரணம்.

'ராஜா' ஆனது எப்படி?

அப்போதெல்லாம் இங்கிலாந்தில் ரயில் பாதைகள் அரசாங்கத்துடையது இல்லை. ஐம்பது மைலுக்கு ஒரு கம்பெனி, இருபது மைலுக்கு ஒரு கம்பெனி என்று துண்டு துண்டாகக் கிடந்தன. இவற்றை ஒன்றாகச் சேர்த்தால்தான் ரயிலுக்கு முழுப் பலன் கிடைக்கும் என்று சீக்கிரமே புரிந்துகொண்டவர் ஹட்சன். குத்தகைக்கு எடுப்பார், விலைக்கு வாங்குவார், மிரட்டி இணைப்பார். 1844-ல் மூன்று கம்பெனிகளை ஒன்றாக்கி மிட்லண்ட் ரயில்வேயை உருவாக்கினார். அதே வருடம் ஜூனில் டார்லிங்டனுக்கு வடக்கே பாதையை நீட்டி, லண்டனிலிருந்து டைன் ஆற்றங்கரை வரை ரயில் ஓடியது. சுமார் முந்நூறு மைலை ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்து முடித்தது திறப்பு விழா ரயில். அந்தச் சமயத்தில் ஆயிரம் மைலுக்கும் அதிகமான பாதை அவர் கைப்பிடிக்குள் இருந்தது.

1845-ல் யார்க்கிலிருந்து ஸ்கார்பரோ கடற்கரைக்கு ரயில் வந்தது. விட்பிக்கு ஏற்கெனவே குதிரை இழுக்கும் ரயில் பாதை ஒன்று இருந்தது, ஸ்டீபன்சன் வடிவமைத்தது. அதை ஹட்சனின் கம்பெனி வாங்கி, நீராவி எஞ்சின் ஓடும்படி மாற்றி, ஸ்கார்பரோ பாதையோடு சேர்த்தது. விட்பியின் மேற்குக் குன்றில் விடுதிகளும் வீடுகளும் கட்டும் வேலையிலும் இறங்கினார். ரயிலில் ஆள் வரணும், வந்தவங்க தங்கணும், இரண்டிலும் காசு. கணக்கு சரிதானே?

1845-ல் சண்டர்லாந்து தொகுதியின் எம்.பி. ஆனார். டெவன்ஷையர் டியூக்கிடமிருந்து லண்டஸ்பரோ எஸ்டேட்டை 4,70,000 பவுண்டுக்கு வாங்கினார். யார்க்கிலிருந்து கிழக்கே போகும் தன் பாதை அந்த எஸ்டேட் பக்கமாகப் போவதால், தனக்கென்றே ஒரு ரயில் நிலையம் வைத்துக்கொண்டார். லண்டனில் ஆல்பர்ட் கேட் மாளிகை. இன்றைக்கு பிரெஞ்சுத் தூதரகம் இருக்கும் கட்டடம் அது. ஜவுளிக்கடைப் பையனின் வீட்டு விருந்துக்குப் பிரபுக்கள் வரிசையில் நின்றார்கள். அவருடைய உச்சரிப்பையும் மனைவியின் நடை உடையையும் பின்னால் போய்க் கேலி செய்தார்கள் என்பது வேறு கதை.

இந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. 1842 கடைசியில் நார்த் மிட்லண்ட் கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தவுடன் செலவைக் குறைக்கிறேன் என்று ஆள்களை நீக்கினார், கூலியைக் குறைத்தார். பழகிய டிரைவர்கள் போய்ப் புதியவர்கள் வந்தார்கள். 1843 ஜனவரியில் கட்வொர்த் நிலையத்தில் ரயில்கள் மோதி ஒரு பயணி இறந்தார். பங்குதாரர்கள் ஈவுத்தொகையைப் பார்த்தார்கள், விபத்தை மறந்துவிட்டார்கள்.

கணக்கில் என்னதான் பண்ணினார்?

இதுதான் நம் கதையின் மையம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு கம்பெனி இரண்டு வகையில் பணம் பார்க்கும். ஒன்று மூலதனம்: பங்கு விற்றும் கடன் வாங்கியும் திரட்டும் பணம். இதில் தண்டவாளம் போட வேண்டும், எஞ்சின் வாங்க வேண்டும். இன்னொன்று வருமானம்: டிக்கெட், சரக்குக் கட்டணம். செலவு போக வருமானத்தில் மிஞ்சுவதுதான் லாபம். பங்குதாரருக்கு ஈவுத்தொகை கொடுக்க வேண்டியது இந்த லாபத்திலிருந்து மட்டும்தான்.

ஹட்சன் இந்த இரண்டு பெட்டிக்கும் நடுவே இருந்த தடுப்பை எடுத்துவிட்டார். வருமானம் குறைந்த வருடத்திலும் மூலதனப் பணத்தை எடுத்து ஈவுத்தொகையாகக் கொடுத்தார். எளிமையாகச் சொன்னால், கடைக்குச் சரக்கு வாங்க நீங்கள் கொடுத்த பணத்திலேயே கொஞ்சம் எடுத்து, இந்தாங்க உங்க லாபம் என்று உங்களிடமே நீட்டுவது. ஈவுத்தொகை கூடுதலாக இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் பங்கு வாங்குவார்கள். பங்கு விலை ஏறும். புதிய பணம் வரும். அதிலிருந்து மறுபடியும் ஈவுத்தொகை. புதுப் பணம் வந்துகொண்டே இருக்கும் வரை வண்டி ஓடும்.

1840-களின் நடுவில் பணம் வெள்ளமாக வந்தது. 'ரயில்வே பைத்தியம்' என்றே அந்தக் காலத்துக்குப் பெயர். 1846-ல் மட்டும் 250-க்கும் மேற்பட்ட ரயில்வே சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வேலைக்காரர்கள், விதவைகள், பாதிரியார்கள் என்று எல்லோரும் பங்கு வாங்கினார்கள். கணக்கைச் சரிபார்க்கக் கறாரான தணிக்கை முறை இல்லை. இயக்குநர் கூட்டத்தில் ஹட்சன் சொன்னதுதான் தீர்மானம்.

1847-க்குப் பிறகு பங்குச் சந்தை சரிந்தது. வெள்ளம் வற்றியதும் கால் வைக்கும் இடமெல்லாம் சேறு. 1849 பிப்ரவரியில், யார்க், நியூகாசில் அண்டு பெரிக் கம்பெனியின் கூட்டத்தில் லண்டன் பங்குச் சந்தையைச் சேர்ந்த ராபர்ட் பிரான்ஸ் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். கிரேட் நார்த் ஆஃப் இங்கிலாந்து கம்பெனியின் பங்குகளை நம் கம்பெனி சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து வாங்கியிருக்கிறதே, விற்றது யார்? விற்றவர் ஹட்சன். அதாவது தலைவராக இருந்து வாங்கியவரும் அவர், தனி ஆளாக விற்றவரும் அவர்.

ஒரு நூலை இழுத்ததும் மொத்தத் துணியும் பிரிந்தது. கம்பெனிக்குக் கம்பெனி விசாரணைக் குழு அமைந்தது. ஈஸ்டர்ன் கவுண்டீஸ் கம்பெனியில், உழைத்துச் சம்பாதித்ததைவிட லட்சக்கணக்கான பவுண்டு கூடுதலாக ஈவுத்தொகை போயிருந்தது. வேறு சில இடங்களில் புதிய பங்குகளைத் தனக்கே ஒதுக்கிக்கொண்டது, நிலம் வாங்கக் கொடுத்த பணம் அவர் கணக்கிலேயே தங்கிவிட்டது என்று பட்டியல் நீண்டது. சில மாதங்களுக்குள் ஒவ்வொரு கம்பெனியின் தலைவர் நாற்காலியையும் இழந்தார். அந்த மே மாதம் அவர் மைத்துனரும் யார்க் கம்பெனியின் பொருளாளருமான ரிச்சர்ட் நிக்கல்சன் யார்க் நகரத்து ஊஸ் ஆற்றில் பிணமாகக் கிடந்தார்.

யாருடைய பணம் போனது?

எழுத்தாளர்கள் ஷார்லட், எமிலி, ஆன் பிரான்டே சகோதரிகளை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அத்தையிடமிருந்து வந்த சிறிய சொத்தை அவர்கள் போட்டுவைத்தது ஹட்சனின் யார்க் அண்டு நார்த் மிட்லண்ட் கம்பெனிப் பங்குகளில். 50 பவுண்டு முகப்பு விலைப் பங்கு ஒருகட்டத்தில் 120 வரை ஏறியது. 1849-ல் 20-க்கு வந்துவிட்டது.

அதே 1849 மே மாதக் கடைசியில் காசநோயால் மெலிந்துபோன ஆன், கடல் காற்று உடம்பைத் தேற்றும் என்ற நம்பிக்கையில் ஸ்கார்பரோ கிளம்பினார். ஷார்லட்டும் ஒரு தோழியும் கூடப் போனார்கள். வழியில் யார்க்கில் ஓர் இரவு தங்கி, ஆன் ஆசைப்பட்டபடி பேராலயத்தைப் பார்த்தார்கள். மறுநாள் ஸ்கார்பரோ ரயில். போய்ச் சேர்ந்த சில நாளில், மே 28 அன்று, ஆன் இறந்தார். ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்த அதே கம்பெனியின் ரயில்தான், அந்தக் குடும்பத்துப் பெண்ணின் கடைசி ஆசையான கடலையும் காட்டியது. ஹட்சனைப் பற்றி நல்லவரா கெட்டவரா என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல எனக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் மோசடிக்குத்தான் சிறையா?

இல்லை. இங்கேதான் பலருக்குக் குழப்பம். ஹட்சன் செய்த பலவற்றை அன்றைய சட்டம் குற்றம் என்று தெளிவாகச் சொல்லவில்லை. மோசடி வழக்கில் அவர் தண்டிக்கப்படவே இல்லை. கம்பெனிகள் சிவில் நீதிமன்றத்துக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டன. லண்டஸ்பரோ எஸ்டேட் விற்பனையானது. கடன் மட்டும் தீரவில்லை.

ஆனால் எம்.பி. பதவி இருக்கும்வரை கடனுக்காகக் கைது செய்ய முடியாது. சண்டர்லாந்து மக்கள் அவரைக் கைவிடவும் இல்லை; ஊருக்குப் பெரிய கப்பல்துறை கட்டி 1850-ல் திறக்கக் காரணமாக இருந்தவர் அல்லவா? 1859-ல் அந்தத் தொகுதியும் கைநழுவியது. உடனே பிரான்ஸுக்கு ஓடினார். சில வருடம் கழித்து பூலோன் துறைமுகத்தில் கப்பலில் இருந்த சார்லஸ் டிக்கன்ஸ், கரையில் கந்தலாக நின்று தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகம். யார் என்று கேட்ட பிறகுதான் அது ஹட்சன் என்று தெரிந்தது.

1865-ல் விட்பியில் போட்டியிட வந்ததற்கும் இந்தப் பாதுகாப்புதான் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். ஜெயித்திருந்தால் கடன்காரர்கள் தொட முடியாது. முந்திக்கொண்டார்கள். அவசரமாக நிறுத்தப்பட்ட மாற்று வேட்பாளர் ஜெயித்தார். அக்டோபரில் விடுதலை கிடைத்தது, மறுபடியும் வெளிநாட்டு வாசம். கடைசியில் பழைய நண்பர்கள் சந்தா திரட்டி மாதாமாதம் செலவுக்கு வழி செய்தார்கள். கடனுக்காகச் சிறையில் அடைக்கும் வழக்கத்தை 1869 சட்டம் பெரும்பாலும் ஒழித்த பிறகுதான் நிம்மதியாக இங்கிலாந்து திரும்ப முடிந்தது.

கம்பெனிக் கணக்கு விஷயத்தில் நாடாளுமன்றம் மெதுவாகத்தான் விழித்தது. ரயில்வே கம்பெனிகள் எல்லாம் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டும், மூலதனத்தையும் வருமானத்தையும் தனித்தனியே எழுத வேண்டும் என்ற கட்டாயம் 1868-ல்தான் வந்தது.

யார்க்கில் இன்று ஹட்சன் எங்கே?

1871 டிசம்பர் 14 அன்று லண்டனில் இறந்தார். பிறந்த கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்க்ரேயிங்கம் தேவாலயத்தில் புதைத்தார்கள்.

யார்க்கில் ஹட்சனுக்கு அரசியல் எதிரியாக இருந்தவர் ஜார்ஜ் லீமன் என்ற வழக்கறிஞர். 1849-ல் ஹட்சனை வீழ்த்தியதில் முன்னால் நின்றவர். பின்னாளில் அதே பாதைகளை எடுத்து நடத்திய நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேக்கே தலைவர் ஆனார். ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் கண்ணில் படும் சிலை லீமனுடையது. தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இருக்கும் சாலைக்கும் லீமன் பெயர்தான். ஹட்சனுக்கு அப்படிச் சிலை ஏதும் இல்லை. அவர் பெயரில் இருந்த ஹட்சன் தெருவையும் அவர் வீழ்ந்ததும் 'ரயில்வே தெரு' என்று மாற்றிவிட்டார்கள்.

ஆனால் ரயில் தங்கிவிட்டது. யார்க்கில் பின்னாளில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. ரவுன்ட்ரீ சாக்லேட் ஆலை ஊருக்கு வெளியே பெரிதாக வளர்ந்து, அதன் தொழிலாளர்களுக்கென்றே ஒரு ரயில் நிறுத்தம் வந்தது. நாம் சாப்பிடும் கிட்கேட் பிறந்தது அங்கேதான். 1841-ல் மதிலுக்குள் திறந்த பழைய நிலையத்தின் கட்டடத்தில் இப்போது நகராட்சி அலுவலகம் இயங்குகிறது.

ஹட்சன் இறந்து நூறு வருடம் ஆன 1971-ல், அந்தத் தெருவின் பெயரை மறுபடியும் மாற்றினார்கள். இந்த முறை முழுப் பெயராக: ஜார்ஜ் ஹட்சன் தெரு. அந்தப் பழைய நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான்.